நினைவு திரும்பும் வரை காத்திருக்கலாமா? – மூளைக்காயமும் இயன்முறை மருத்துவமும்

திருமலையில் வேங்கடவனைத் தரிசித்தவர்கள் திருச்சானூருக்குச் சென்று பத்மாவதித் தாயாரையும் வணங்கி ஊர் திரும்புவது நெடுநாளைய மரபு. திருப்பதி நகருக்கும் திருச்சானூருக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 5 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கு வரும் அடியவர்கள் கடந்து வரும் தூரம் பெரிது. திருத்தணி, நகரி, புத்தூர் வழியே சென்னையிலிருந்தும், சித்தூர் வழியே வேலூரிலிருந்தும் இரவு பகலாக வாகனங்கள் வந்தவண்ணம் உள்ளன. தெலுங்கும் தமிழும் கலந்து ஒலிக்கும் இச்சாலைகளில் பக்தியோடு பயணம் செய்வோர் உள்ளனர். உறக்கத்தோடு வண்டி ஓட்டுவோரும் உள்ளனர்.

2022ஆம் ஆண்டில் நமது நாட்டில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். இவை மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட புள்ளி விவரங்கள். இறந்தோரின் எண்ணிக்கை பலராலும் பேசப்படுகிறது. காயமுற்றோரின் பிற்கால வாழ்க்கை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்களுள்ளும் குறைவாகப் பேசப்படுவோர், தலையில் அடிபட்டு, உயிர் பிழைத்து, ஆனால் சுயநினைவு திரும்பாமல் வாரக் கணக்கில், மாதக் கணக்கில் படுக்கையில் இருப்போர் ஆவர்.

இத்தகைய நோயாளியைப் பற்றி உறவினர் கேட்கும் முதற் கேள்வி, "எப்போது நினைவு திரும்பும்?" என்பதே. "நினைவு திரும்பட்டும், பிறகு உடற்பயிற்சி சிகிச்சையைப் பார்த்துக்கொள்ளலாம்" என்று பலர் எண்ணிவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது என்பதையும், நினைவு திரும்புவதற்கு முன்னரே தொடங்க வேண்டிய இயன்முறை மருத்துவம் நினைவைக் கண்டறியும் வழியாகவும் அமைகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவின் படிநிலைகள்

மயக்கம் என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பிடும் நிலைகள் உண்மையில் பலவாகும். விழிப்பு, தன்னையும் சூழலையும் உணர்தல் என்னும் இரு கூறுகளைக் கொண்டு மருத்துவ இயல் இவற்றைப் பிரித்தறிகிறது.

முதலாவது ஆழ்மயக்கம், அதாவது கோமா. இதில் கண்கள் திறப்பதில்லை. விழிப்பும் இல்லை, உணர்வும் இல்லை. உயிர் பிழைப்போரிடம் இந்நிலை பெரும்பாலும் சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் கண்கள் திறக்கின்றன. ஆனால் கண் திறப்பது நினைவு திரும்பியதற்கு அடையாளம் ஆகாது. உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வந்தாலும், நோக்கத்தோடு கூடிய செயல் எதுவும் காணப்படாத நிலை ஒன்று உண்டு. 1972இல் பிரையன் ஜென்னெட், ஃபிரெட் பிளம் ஆகிய இரு மருத்துவ அறிஞர்கள் இதற்குத் தாவர நிலை என்னும் பொருள்படும் பெயரைத் தந்தனர். மனிதரைத் தாவரம் என்பது மனத்தைப் புண்படுத்துவதால், உணர்விலா விழிப்பு நிலை என்று கூறுவதே இன்று விரும்பப்படுகிறது.

மூன்றாவது, குறைநினைவு நிலை. 2002இல் இதற்குத் திட்டவட்டமான இலக்கணம் வகுக்கப்பட்டது. இந்நிலையில் உள்ளவர் சில வேளை கண்ணால் ஒருவரைப் பின்தொடர்வார். சில வேளை "கையை அழுத்துங்கள்" என்றால் அழுத்துவார். அடுத்த மணி நேரத்தில் எதற்கும் அசையமாட்டார். அறிகுறிகள் உண்மையானவை, ஆனால் நிலையற்றவை. இந்த நிலையின்மையே இந்நோயாளிகளைப் பற்றிய பிழையான முடிவுகளுக்குப் பெருங்காரணம் ஆகும்.

உடல் காத்திருப்பதில்லை

நினைவு இல்லாத நாட்களிலும் உடலில் மாறுதல்கள் நிகழ்ந்தவண்ணம் உள்ளன. மூளைக் காயத்தால் தசைகளில் விறைப்பு மிகுகிறது. முழங்கை மடங்கி, மணிக்கட்டு உட்புறம் திரும்பி, பாதம் கீழ்நோக்கி நீண்டு நிற்கிறது. அதே நிலையில் நீண்ட நாள் விடப்பட்ட தசை நீளத்தில் குறுகுகிறது. மூட்டைச் சூழ்ந்த திசுக்கள் இறுகுகின்றன. பாதம் இவ்வாறு இறுகிவிட்டால், பின்னர் நினைவு முழுமையாகத் திரும்பினாலும் அவரால் தரையில் கால் ஊன்றி நிற்க இயலாது.

எலும்பு புடைத்திருக்கும் இடங்களாகிய பிட்டம், இடுப்பின் பக்கம், குதிகால், பின்தலை ஆகியவற்றில் அழுத்தம் தொடர்ந்தால் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் படுக்கைப் புண் உண்டாகிறது. இருமும் ஆற்றல் குன்றுவதால் நுரையீரலில் சளி தேங்கிக் காய்ச்சல் வருகிறது. அசைவற்ற கால்களில் இரத்தம் உறையும் அபாயம் உண்டு. எலும்பில் சுண்ணாம்புச் சத்துக் குறைகிறது. சிலருக்கு இடுப்பு, முழங்கை போன்ற பெரிய மூட்டுகளைச் சுற்றியுள்ள மென்திசுக்களில் புதிதாக எலும்பு வளர்ந்து மூட்டைப் பூட்டிவிடுவதும் உண்டு. இந்நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து பல வேளைகளில் மூளைக் காயத்தைவிட இத்தகைய பின்விளைவுகளாலேயே நேர்கிறது.

அன்றாடப் பணிகள்

இயன்முறை மருத்துவரின் பணி தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே தொடங்குகிறது. தொடக்க நாட்களில் மூளையழுத்தம், இரத்த அழுத்தம், எலும்பு முறிவுகள் ஆகியவற்றைக் கருதி, மருத்துவர் அனுமதிக்கும் அளவுக்கே அசைவு தரப்படும். மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை அகற்றியிருந்தால் அப்பக்கம் சாய்த்துப் படுக்க வைக்கக் கூடாது. பின்னர் உட்கார வைக்கும்போது தலைக்குக் கவசம் வேண்டும்.

பணிகளுள் முதன்மையானது கிடத்தும் முறை. பொதுவாக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வலம், இடம், மல்லாந்து எனப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்கின்றனர். தலைப்பக்கம் ஏறக்குறைய 30 பாகை உயர்த்தப்படுகிறது. குழாய் வழியே உணவு தரும்போதும் அதற்குப் பின்னர் சிறிது நேரமும் இவ்வுயர்வு இன்றியமையாதது. இல்லையேல் உணவு மேலெழுந்து மூச்சுக் குழலில் புகக்கூடும். முழங்கால்களுக்கு இடையிலும் கைகளுக்கு அடியிலும் தலையணைகள் வைக்கப்படுகின்றன. குதிகால் படுக்கையில் படாதவாறு கெண்டைக்காலின் கீழ் தாங்கல் தரப்படுகிறது.

அடுத்தது மூட்டுகளை அசைத்தல். தோள் முதல் விரல் வரை, இடுப்பு முதல் பாதம் வரை ஒவ்வொரு மூட்டும் மெல்ல அசைக்கப்படுகிறது. இங்கு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் நீட்டல் பயிற்சியால் மட்டும் மூட்டு இறுக்கத்தைத் தடுத்துவிட முடியும் என்ற பழைய நம்பிக்கைக்குப் போதிய சான்று இல்லை என்று 2017இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு கூறுகிறது. ஆகவே சரியாகக் கிடத்துதல், பாதத்துக்கும் மணிக்கட்டுக்கும் தாங்குபட்டை அணிவித்தல், நிமிர்த்தி நிறுத்துதல், விறைப்பைக் குறைக்கும் மருந்து ஆகிய அனைத்தும் ஒருங்கே அமைய வேண்டும். விறைத்த மூட்டைப் பலவந்தமாக இழுப்பது தீங்கானது. தசைநார் கிழியும், வலி விறைப்பை மேலும் கூட்டும். வலுவிழந்த கையைப் பற்றி இழுத்து நோயாளியைத் தூக்கினால் தோள் மூட்டு நழுவும்.

விறைப்பு திடீரென்று மிகுந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். நிறைந்த சிறுநீர்ப்பை, மலச்சிக்கல், புதிய படுக்கைப் புண், சதையில் வளரும் நகம் முதலியவற்றைத் தேட வேண்டும். தம் வேதனையைச் சொல்ல வாயற்ற ஒருவருக்கு விறைப்பே முறையீடு ஆகிறது.

மூன்றாவது பணி நெஞ்சுப் பராமரிப்பு. சளி வடியுமாறு கிடத்துதல், தொண்டையில் பொருத்திய சுவாசக் குழாயிலிருந்து தூய முறையில் சளியை உறிஞ்சி எடுத்தல், வாயைத் தூய்மை செய்தல் என்பன இதில் அடங்கும்.

நிமிர்த்துதலின் பயன்

உடல்நிலை சீரானதும் நோயாளியை நிமிர்த்தும் முயற்சி தொடங்குகிறது. இதற்குச் சாய்மேசை என்னும் கருவி பயன்படுகிறது. பட்டைகளால் நெஞ்சு, இடுப்பு, முழங்கால் ஆகியவற்றைப் பிணைத்து, மேசையைக் குறைந்த கோணத்தில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்துகின்றனர். ஒவ்வொரு படியிலும் நாடியும் இரத்த அழுத்தமும் பார்க்கப்படுகின்றன. முகம் வெளிறினாலோ, வியர்த்தாலோ, அழுத்தம் தாழ்ந்தாலோ உடனே படுக்க வைக்க வேண்டும்.

நிற்கும் நிலையில் பாதம் உடலின் எடையைத் தாங்குவதால் கணுக்கால் தசை நீள்கிறது. நுரையீரலின் அடிப்பகுதி விரிகிறது. இவற்றுக்கு அப்பால் வேறொரு பயனும் உண்டு. படுத்திருக்கும்போது கண் மூடியிருப்பவர்களுள் சிலர் நிமிர்த்தியதும் கண் திறக்கின்றனர். படுக்கையில் காட்டாத எதிர்வினைகளை நிற்கையில் காட்டுகின்றனர். சிறிய அளவிலான ஆய்வுகள் இதனைப் பதிவு செய்துள்ளன. ஆதலின் ஒருவரது நினைவு நிலையைப் படுக்கையில் மட்டும் சோதித்து முடிவு செய்வது முழுமையான சோதனை ஆகாது.

கை கண்டறியும் அறிகுறி

1974இல் கிளாஸ்கோ நகரில் டீஸ்டேல், ஜென்னெட் ஆகியோர் வகுத்த அளவுகோல் உலகெங்கும் வழக்கில் உள்ளது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றுக்கு மதிப்பெண் இட்டு 3 முதல் 15 வரை கணக்கிடுவது அது. விபத்து நேர்ந்த நாட்களுக்கு அது பொருத்தமானது. ஆனால் மாதக் கணக்கில் நீடிக்கும் நிலைகளில் நுண்ணிய வேறுபாடுகளை அது காட்டுவதில்லை. இதற்காக 2004இல் திருத்தி வெளியிடப்பட்ட கோமா மீட்பு அளவுகோல் பயன்படுகிறது. கேட்டல், காணல், அசைவு, வாய் அசைவு, தொடர்பு கொள்ளல், விழிப்பு என ஆறு பகுதிகளும் மொத்தம் 23 மதிப்பெண்களும் கொண்டது அது.

இவ்வளவுகோலில் கருதத்தக்க ஓர் அம்சம் உண்டு. சோதனையின்போது நோயாளி கண் மூடியிருந்தாலோ, எதற்கும் இணங்காதிருந்தாலோ, முகம், கழுத்து, தோள், கை, மார்பு, முதுகு, கால் என வரிசையாகத் தசைகளைப் பற்றி அழுத்தி விழிப்பூட்ட வேண்டும் என்று அது விதிக்கிறது. உடலைத் தொட்டு விழிக்கச் செய்த பிறகே உள்ளத்தைச் சோதிக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

நவீன அளவுகோல் இன்றி, படுக்கையருகே நின்று பார்த்து மட்டும் உணர்விலா விழிப்பு நிலை என்று முடிவு செய்யப்பட்டவர்களுள் ஏறக்குறைய 40 விழுக்காட்டினரிடம் உண்மையில் குறைநினைவு இருந்தது என்று 2009இல் வெளிவந்த பெல்ஜிய ஆய்வு காட்டியது. இதனால்தான் இரண்டு வாரங்களுக்குள் குறைந்தது ஐந்து முறையேனும் சோதிக்க வேண்டும் என்று ஆய்வாளர் வலியுறுத்துகின்றனர். மருத்துவர் ஒருவர் சுற்றிப் பார்வையிடுகையில் படுக்கை அருகே நிற்பது சில நிமிடங்களே. நாள்தோறும் அரை மணி நேரம் நோயாளியின் கையைப் பற்றியிருப்பவர் இயன்முறை மருத்துவர். நேற்று கல்லாக இருந்த விரல் இன்று சொல்லுக்கு இணங்கிச் சற்றே நெகிழ்வதை முதலில் உணரும் வாய்ப்பு அவருக்கே கிட்டுகிறது. அதைத் தேதியும் நேரமும் இட்டுக் குறித்து வைப்பது சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

இங்கு மொழி ஒரு முக்கியமான செய்தி. திருப்பதிப் பகுதியின் மருத்துவமனைகளுக்குத் தெலுங்கு பேசுவோரும் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் வருகின்றனர். வேலூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வந்த மூதாட்டியிடம் தெலுங்கில் "கண்ணைத் திறவுங்கள்" என்று கூறி, அவர் திறக்கவில்லை என்று எழுதி வைத்தால், அங்குத் தோற்றது சோதனையேயன்றி நோயாளி அன்று. கட்டளை அவரது வீட்டு மொழியில் அமைய வேண்டும். பதிவேட்டில் உள்ள பெயரால் மட்டுமன்றி, வீட்டில் எப்படி அழைப்பார்களோ அப்படியும் அழைத்துப் பார்க்க வேண்டும். இதற்கு மகளோ, பேரனோ அருகில் இருப்பது பெருந்துணை. கேட்டல் குறை, பேச்சை அறியும் மூளைப் பகுதியின் சேதம், மயக்கம் தரும் மருந்துகள் ஆகியவையும் பதிலைத் தடுக்கக்கூடும்.

உடலால் காட்ட இயலாத உணர்வும் உண்டு. 2006இல் இங்கிலாந்தில் ஏட்ரியன் ஓவனும் அவருடைய குழுவினரும், உணர்விலா விழிப்பு நிலையில் இருப்பதாகக் கருதப்பட்ட ஒரு பெண்ணிடம் டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யுமாறு கூறினர். நலமுள்ளவர்களின் மூளையில் காணப்படும் அதே செயற்பாடு அவரது மூளைப் படத்திலும் காணப்பட்டது. 2024இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், கட்டளைக்கு உடலால் பதில் தராத 241 பேருள் ஏறத்தாழ நான்கில் ஒருவரது மூளை கட்டளைக்கு இணங்கியது தெரியவந்தது. இத்தகைய கருவிச் சோதனை நமது மாவட்ட மருத்துவமனைகளில் எளிதில் கிட்டாது. ஆனால் அதன் படிப்பினை செலவின்றிக் கிட்டுவது: படுக்கையருகே பேசும் ஒவ்வொரு சொல்லையும் அவர் கேட்கக்கூடும் என்று எண்ணியே பேச வேண்டும், கையைத் தூக்குமுன் "இப்போது உங்கள் கையைத் தூக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டே தூக்க வேண்டும்.

மும்பை தந்த படிப்பினை

நமது நாட்டில் இத்துறையில் யாவரும் அறிந்த வரலாறு அருணா ஷான்பாக் என்னும் செவிலியருடையது. 1973 நவம்பர் 27 அன்று மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் பணியில் இருந்தபோது ஊழியர் ஒருவனின் கொடுந்தாக்குதலுக்கு அவர் ஆளானார். கழுத்து நெரிக்கப்பட்டதால் மூளைக்கு உயிர்வளி தடைப்பட்டது. 2015 மே 18 அன்று மறையும் வரை, ஏறத்தாழ 42 ஆண்டுகள், அம்மருத்துவமனையின் செவிலியர் தலைமுறை தலைமுறையாக அவரைப் பேணினர். இத்தனை ஆண்டுப் படுக்கையில் அவருக்குப் படுக்கைப் புண் இல்லை என்பது நாடே வியந்த செய்தி. 2011 மார்ச் 7 அன்று உச்ச நீதிமன்றம், அவருக்கு உணவளிப்பதை நிறுத்தக் கோரிய மனுவை ஏற்க மறுத்தது.

நீதிமன்றம் அமைத்த மூன்று மருத்துவர் குழு, அவரது நிலை நீடித்த தாவர நிலையின் பெரும்பாலான இலக்கணங்களுக்குப் பொருந்துவதாகக் கூறியது. மூட்டுகள் இறுகியிருந்ததையும் பதிவு செய்தது. தோலைக் காக்க அன்பும் ஒழுங்கும் போதும் என்பதை அச்செவிலியர் மெய்ப்பித்தனர். மூட்டுகளைக் காப்பது அதனினும் கடினம்; அதற்குத் தொடக்க நாட்களிலிருந்தே தனிப் பயிற்சி பெற்றோரின் கை வேண்டும் என்பது இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம்.

எதை எதிர்பார்க்கலாம்?

இயன்முறை மருத்துவம் இழந்த நினைவை மீட்டுத் தரும் என்று உறுதி கூறுவது நேர்மை ஆகாது. நினைவு திரும்புவது காயத்தின் தன்மையையும் வயதையும் பெரிதும் பொறுத்தது. 1994இல் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று தொகுத்த விவரங்களின்படி, அடிபட்டு ஒரு மாதமாகியும் உணர்விலா விழிப்பு நிலையில் இருந்த 434 பெரியவர்களுள் 52 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் சுயநினைவு பெற்றனர். மூச்சுத் தடை போன்ற பிற காரணங்களால் இந்நிலையை அடைந்தோருள் அவ்வாறு மீண்டவர் 15 விழுக்காட்டினரே. மீண்டவர்களுள்ளும் பலருக்குக் கடும் குறைபாடுகள் எஞ்சின. அடிபட்டு 4 முதல் 16 வாரங்கள் ஆன 184 பேரிடம் நடத்தி 2012இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அமான்டடின் என்னும் மருந்து மீட்சியின் வேகத்தைக் கூட்டியது.

இவ்வெண்களின் பொருளை ஆழ்ந்து நோக்க வேண்டும். சாலை விபத்தில் அடிபட்ட இளைஞர் ஆறாம் மாதத்தில் கண் திறந்து தாயை அடையாளம் கண்டுகொள்ளக்கூடும். அந்நாளில் அவரது முழங்கால் நீளுமா, கை விரல்கள் விரியுமா, நாற்காலியில் அமர இடுப்பு மடங்குமா என்பதை, நினைவில்லாத அந்த ஆறு மாதங்களில் செய்த பணியே தீர்மானிக்கிறது. நினைவு திரும்பாதவருக்கும் புண்ணற்ற தோலும் வலியற்ற மூட்டும் உரிமையே ஆகும்.

48 மணி நேரம், 7 நாள், 12 மாதம்

விபத்துக்குப் பிந்தைய முதல் மணி நேரங்களைப் பற்றி அரசுகள் சிந்தித்துள்ளன. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை ஏற்கிறது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவிக்கை செய்த திட்டம், விபத்து நாளிலிருந்து 7 நாட்கள் வரை ரூ. 1.5 லட்சம் அளவுக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. இவை உயிர் காக்கும் திட்டங்கள், வரவேற்கத்தக்கவை. ஆனால் மூளைக் காயத்திலிருந்து மீளும் காலம் ஏறத்தாழ 12 மாதங்கள். சிலருக்கு அதனினும் நீண்டது. ஏழாம் நாளுக்கும் பன்னிரண்டாம் மாதத்துக்கும் இடையே நோயாளியைத் தாங்குவது பெரும்பாலும் குடும்பமே.

திருச்சானூரில் ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். கோயில் வாயிலில் பூக்கடை வைத்திருக்கும் தாய். அறுவைக்குப் பின் மூக்கில் உணவுக் குழாயுடன் வீடு வந்துள்ள மகன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்ற வேண்டும் என்றால் கடைக்கு யார் செல்வது? இயன்முறை மருத்துவரிடம் கொண்டுசெல்ல ஒவ்வொரு முறையும் வண்டி வாடகை யார் தருவது? கல்வியறிவின்மையோ, அன்பின்மையோ அன்று, நேரமின்மையும் பணமின்மையுமே இத்தகைய வீடுகளில் சிகிச்சையை நிறுத்துகின்றன.

இப்பகுதியில் அடித்தளம் இல்லாமல் இல்லை. 1993 முதல் இயங்கிவரும் திருப்பதி ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் நரம்பு அறுவைத் துறையும் இயன்முறை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. திருமலை திருப்பதி தேவஸ்தானம் மாற்றுத் திறனாளிகளின் அறுவைக்கும் மறுவாழ்வுக்கும் என்றே பர்ட் மருத்துவமனையை நடத்துகிறது. வேலூரில், 1954இல் நேர்ந்த சாலை விபத்தால் கால்கள் செயலிழந்தும் சக்கர நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966இல் உருவாயிற்று. இந்நிலையங்களுக்கும் வீட்டுப் படுக்கைக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும்.

அப்பாலத்துக்கு முன்மாதிரியும் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் கீழ் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடிச் செல்கின்றனர். மூளைக்காய நோயாளிகளுக்கு இதனை முறைப்படுத்த நான்கு செயல்கள் தேவை. முதலாவது, மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன் குடும்பத்தினர் இருவருக்கேனும் பக்கம் மாற்றுதல், மூட்டு அசைத்தல், குழாய்வழி உணவூட்டல் ஆகியவற்றைச் செய்ய வைத்துக் கற்பிக்க வேண்டும். இரண்டாவது, அவர்களது மொழியில் ஒரு பக்க அளவில் குறிப்பும், எதிர்வினைகளைக் குறித்து வைக்க ஒரு நோட்டும் தர வேண்டும். மூன்றாவது, முதல் ஆண்டில் குறித்த இடைவெளியில் வீட்டு வருகையும் மறுசோதனையும் அமைய வேண்டும். நான்காவது, சாய்மேசை, காற்று மெத்தை, தாங்குபட்டை ஆகியவற்றை வட்டார அளவில் இரவலாக வழங்க வேண்டும். 2016ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் மூளைக் காயம் தனியொரு வகையாக இடம்பெறவில்லை; ஆகவே சான்றிதழ் வழங்கும் அலுவலர்கள் உடலியக்கக் குறை முதலிய பொருந்தும் பிரிவுகளில் இவர்களுக்கு வழிகாட்டுதல் நலம்.

நினைவு திரும்பட்டும் என்று காத்திருக்கும் நாட்களில்தான் மூட்டு இறுகுகிறது. அந்நாட்களில்தான் முதல் அறிகுறியும் தோன்றி, காண்பார் இன்றி மறைகிறது. இரண்டையும் தடுக்கும் மருந்து ஒன்றே. நாள்தோறும் பெயர் சொல்லி அழைத்து, கையைப் பற்றி, பதிலுக்குச் சற்றே பொறுத்திருக்கும் பழக்கமே அது. அப்பழக்கத்தைக் குடும்பத்துக்குக் கற்பிப்பது இயன்முறை மருத்துவரின் கடமை. அதற்கான நேரத்தையும் வசதியையும் ஏற்படுத்தித் தருவது நிர்வாகத்தின் கடமை.